வெயிலில் போகாதீர்கள் என்று வெயிலில் போய்ச் சொல்கிறவள்

பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை யாரும் வெயிலில் தலைகாட்டாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் கோடை வந்தால் என் வேலை. அதைச் சொல்வதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரம், பகல் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை.

மட்டாஞ்சேரியில் வார்டு சுகாதாரத் தொண்டர் நான். பேர் ராஜி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான், அதனால் என் தமிழில் பாதி மலையாளம். காலையில் ஹெல்த் சென்டர் மேடம் போனில் அனுப்புகிற வானிலை அறிக்கையைப் படித்து, தமிழ்க்காரர் வீட்டில் தமிழிலும் மற்ற வீடுகளில் மலையாளத்திலும் சொல்ல வேண்டும். நீங்களும் இதை விசிறிக்கொண்டேதானே படிக்கிறீர்கள், என் பாடு உங்களுக்குப் புரியாமலா போகும்?

அசௌகரியம்

மார்ச் பிறந்துவிட்டால் அறிக்கையில் தினமும் ஒரே வரிதான். வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாக இருப்பதால் அசௌகரியம் ஏற்படலாம். ஏற்படலாமாம்! குளித்துவிட்டுத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி நனைந்து போகிறோம். உப்பு ஜாடியில் உப்பு கஞ்சியாகிக் கிடக்கிறது. காலையில் கொடியில் போட்ட ரவிக்கை சாயங்காலமும் ஈரமாகவே இருக்கிறது. இதற்குப் பேர் அசௌகரியம்.

ஒரு நாள் பன்னிரண்டரை மணிக்கு ஒரு கொங்கணி மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். "மாமி, இந்த நேரத்துல வெளிய போனா தலை சுத்தும், மயக்கம் வரும்..." என்று ஆரம்பிக்கும்போதே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஃபேனுக்கடியில் உட்கார வைத்தாள். ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த நோட்டீஸைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்: "நீ உக்காரு. இதை நான் உனக்குப் படிச்சுக் காட்டறேன்."

வெள்ளம்

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். எனக்கும் வாயில் அதுதான் வரும். தென்காசிப் பக்கத்திலிருந்து முருகனும் செல்வியும் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. முருகனுக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. செல்விக்கு அப்போது ஆறு மாசம். ஹம்சிக்கா என்ற பெரியவர் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். கோடையில் குழாய் தினமும் வராதே, நல்லது சொல்வோம் என்று, "நாளைக்கு மூணு மணிக்கு வெள்ளம் வரும், பாத்திரமெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் அரிசி, அடுப்பு, குடம் எல்லாம் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. துணி மூட்டை கட்டியாகிவிட்டது. முருகன் வேலைக்குப் போகாமல் காயலைப் பார்த்தபடி நிற்கிறான். கீழே குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, பிடிக்க ஆளில்லை. விஷயம் தெரிந்ததும் முருகன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். செல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை: "மொட்டை மாடிக்கே வெள்ளம் வரும்னா ஊரே முழுகிருமேன்னு நான் ராத்திரி பூரா அழுதேன்க்கா."

ஓரிரு இடம்

வீட்டுக்காரர் ஹம்சிக்கா வெலிங்டன் தீவில் வேலை பார்த்து ரிட்டயரானவர்; இக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். வீட்டின் கீழ்த்தளம் ஒரு காலத்தில் இஞ்சிக் கிடங்கு. முழ அகலக் கல் சுவர். உள்ளே கால் வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். அதை வாடகைக்கும் விடமாட்டார், யாரையும் உள்ளேயும் விடமாட்டார். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று நான் சொன்னால் போதும், "அது ஏது இடம், எந்தத் தெரு?" என்று பிடித்துக்கொள்வார். ஒரு நாள் எனக்கும் வீம்பு. "இங்கதான் இக்கா, இன்னிக்கு இங்கேயேதான்" என்றேன். மனிதர் துணியெல்லாம் எடுத்து, ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுக் காத்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் வைப்பின் தீவில் கொட்டித் தீர்த்ததாம். மறுநாள் என்னைப் பார்த்ததுமே கேட்டார்: "ராஜி மோளே, மழை வேணும்னா இனி படகு பிடிச்சுப் போகணுமோ?"

எங்கே இருக்கறது

மே மாதம். செல்விக்கு எட்டு மாசம். பகலில் தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கவே முடியாது. மூன்று மணியானால் அறையை விட்டு மொட்டை மாடியின் திறந்த பக்கம் வந்து கைப்பிடிச் சுவரோரம் நிற்பாள், கொஞ்சம் காற்று வருமே என்று. இந்த ஊரில் இடி வருவதும் சரியாக அந்த நேரம்தான். வெட்டவெளியில் அவள் நிற்பதைப் பார்த்ததும் மாடிக்கு ஓடினேன். சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உள்ள இருந்தா வேகறேன். வெளிய நின்னா இடி விழும்ங்கறீங்க. நான் எங்கதான்க்கா இருக்கறது?"

இடி வந்தால் பார்க்கலாம்

இதற்கு நோட்டீஸில் பதில் இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நேரே கீழே இறங்கி ஹம்சிக்காவிடம் கேட்டேன்: பகலில் மட்டும் அந்தக் கிடங்கில் அவள் படுத்துக்கொள்ளட்டும். "இன்னிக்கு ஒருத்தி, நாளைக்கு ஊரே வந்து படுக்கும்" என்றார். இடி வரும் இக்கா, வயிற்றுப் பிள்ளைக்காரி என்றேன். "உன் இடியை நான் மூணு மாசமாப் பாக்கறேன். இன்னிக்கு வரட்டும், திறந்து விடறேன்" என்றார்.

செல்வியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து, கிடங்கு வாசலை ஒட்டிய கடைசிப் படியில் உட்கார வைத்தேன். பிறகு, இடிக்குப் பயப்படுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், இடி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாலு மணி. நாலரை. வானம் கழுவி வைத்த தட்டாக இருந்தது. ஐந்து மணிக்கு இக்கா பேப்பரை மடித்து எழுந்தார். போச்சு, மானம் போச்சு என்று நானும் எழுந்தேன்.

அப்போதுதான் இருவரும் அவளைப் பார்த்தோம். கதவிடுக்கு வழியாகக் கிடங்கிலிருந்து வந்த குளிர்ச்சியில், சுவரில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு நாளா இந்தப் பொண்ணு பகல்ல கண்ணு மூடல இக்கா" என்றேன். அவர் உள்ளே போய்ப் பாயை உதறிப் போட்டார், ஃபேனைப் போட்டார், இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். நான் அவள் தோளைத் தொடப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன் இடியும் வரல, மழையும் வரல. அதுக்காக அவளை எழுப்ப வேண்டா. எழுந்ததும் உள்ளே வரட்டும்."

அன்றைய ரிப்போர்ட்டில் இடி இல்லை, மழை இல்லை, பயனடைந்தோர் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் வரிக்கு வரி சரியாக இருந்தது அது ஒன்றுதான்.