மாப்பிள்ளையின் களைப்பு

மாமனாரின் பூசை மணியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்டியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், இருள் பிரியுமுன்பே அவர் குளித்துத் திருநீறு பூசிச் சாமி அறையில் மணியடிப்பார். அதோடு நிற்கமாட்டார். மணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறை வாசலுக்கும் வருவார். சாமிக்கு மெதுவாக, எனக்குப் பலமாக. "விடிஞ்சும் படுத்திருக்கிறவ மூதேவி" என்பது கூடவே வரும் மந்திரம்.

எனக்கு ஊர் அடங்கிய பிறகுதான் மூளை விழிக்கும். பாடசாலைக் கொப்பிகளைத் திருத்துவதெல்லாம் அப்போதுதான். சீக்கிரம் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். என் அம்மாவும் அப்படித்தான். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது முந்துவதும் பிந்துவதும் ஓரளவு பெற்றோர் வழியாக வருகிறது என்று பிற்பாடு படித்தேன். ஆக, மாமனாரின் அதிகாலையும் அவருடைய மூக்கைப் போலப் பிறப்பில் வந்ததுதான். மூக்குக்காக யாரும் மார்தட்டுவதில்லை. இந்த மனிதர் காலம் முழுக்கத் தட்டினார்.

மகளும் என்னைப் போலவே வளர்ந்தாள். அரைத் தூக்கத்தில்தான் பள்ளி வேனில் ஏறுவாள். "அம்மா வீட்டு இரத்தம்" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே அறிவியல் உண்மை. அதையும் வசவாகத்தான் சொல்லத் தெரிந்தது. ஒரு நாள் பிள்ளை என்னிடம், "அம்மா, நான் மூதேவியா?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில் நாத்தனாருக்குக் கல்யாணமாகி, தெல்தோட்டை மாப்பிள்ளையோடு மறுவீடு வந்தாள். மறுநாள் முற்றத்தில் வெயில் ஏறியும் அவர்கள் அறைக் கதவு திறக்கவில்லை. மாமனார் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு பூசை செய்தார். "மாப்பிள்ளை களைச்சிருப்பாரு, சத்தம் போடாதீங்க" என்று நுனிக்காலில் நடந்தார். அடுத்த நாளும் அதே களைப்பு. "அவரு எப்பவுமே இப்படித்தான் அண்ணி" என்று நாத்தனார் என் காதில் சொல்லிச் சிரித்தாள்.

அன்று மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். "வந்துட்டா மூதேவி" என்றார் மாமனார். பக்கத்துக் கதிரையில் மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தேநீரை வாயில் வைத்திருந்தார்.

"மாமா, அவரும் இப்பத்தானே எழும்பினாரு. அவரும் மூதேவியா, இல்ல பொம்பளப் பிள்ளைங்க மட்டுந்தானா?" என்றேன்.

மாப்பிள்ளை தேநீர் சிந்தச் சிரித்துவிட்டார். மாமனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அதன்பின் சாகும்வரை அவர் என்னோடும் மகளோடும் பேசவில்லை. மகள் இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தன்னைச் சோம்பேறி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த மௌனத்தை அவர் எங்களுக்குத் தண்டனையாகத்தான் கொடுத்தார். அவர் கையால் நாங்கள் பெற்ற ஒரே நல்ல பொருள் அதுதான்.