காகம் வராத இடத்தில் ஒரு வடை

ராசா, நீங்கள் போய் இன்றோடு ஆறு மாதம்.

மகள் என்னை சுவிஸின் வில் நகரத்திலிருந்து வடதுருவப் பக்கம் லாப்லாந்துக்குக் கூட்டி வந்திருக்கிறாள். சுவிஸிலிருந்து வந்த ஆறே ஆறு பேர், பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பயணம்.

உங்கள் மாசியத் திதிக்குக் காகத்துக்குப் படைக்காமல் விடலாமா? வெங்காயம் போடாத வடை ஒன்றை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொண்டு வந்தேன். வண்டி நின்றதும் பனியில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஒரு குருவிகூட இல்லை.

"அம்மா, ஆக்கள் பாக்கினம்!" என்றாள் மகள்.

"பாக்கட்டும். உன்ர அப்பாவுக்குப் பசிக்குமெல்லே."

அதற்குள் வண்டியில் கட்டியிருந்த நாய் ஒன்று எட்டி, வடையை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

வழிகாட்டிப் பெண் ஓடி வந்து, நாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று ஜெர்மனில் ஏசினாள். "நாய்க்கில்லை, என் மனுசனுக்கு வைத்தது" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பாவம், அவள் சுற்றிச் சுற்றி உங்களைத் தேடினாள்.

பிறகு வழி முழுக்க அந்த நாய் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓடியது.

பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைக் கண்டாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற மனுசன் நீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ, ஒரு வடைக்காக நாயாகவே வந்தீங்களோ?