படுக்கப் போட்ட பேட்டரி

எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும், “வாங்க” என்று சொன்னவர்களுக்கு அவள் பதில் சொல்வது அப்புறம்தான். செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை வளைத்து, மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி நேராக நிற்கிறதா என்று பார்த்துவிடுவாள். சாய்ந்திருந்தால் போச்சு. எவ்வளவு பெரிய ஆளானாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

“உள்ள இருக்கிறது ஆசிட்டுங்க! மூடியில ஓட்டை இருக்கு. படுக்கப் போட்டா வெளிய வந்து தரையையும் திங்கும், காலையும் திங்கும்!”

இருபது வருடமாக பேட்டரி பொருத்துகிறாள். ஊருக்கே பேட்டரி அக்கா. கருவிப் பெட்டியின் மூலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்று நட்டுக்குத்தலாக நிற்கும். நகத்துக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பொருத்திய ஒவ்வொரு பேட்டரியிலும் மேல்நோக்கி ஓர் அம்பு போடத்தான் அது. லித்தியம் பேட்டரியாக இருந்தால், கூட வந்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகே அம்பு. வீட்டிலும் இதே கூத்துதான். எண்ணெய் பாட்டில் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது.

இத்தனையும் கேட்டுக் கேட்டே குடித்தனம் நடத்துகிற புண்ணியவான், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர். இவர்களோடு இருக்கும் அவருடைய அக்கா கணக்கு டீச்சர். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போய்வருகிறவர். பேட்டரி செத்து, அதே அளவில் வேறு கிடைக்காமல் மூன்று வாரமாக வீட்டோடு கிடந்தார். திங்கட்கிழமை வராவிட்டால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று தகவல் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலைக்குப் போன நேரத்தில், கணவர் இரண்டு புது பேட்டரி வாங்கி வந்தார். பழையதைவிட உயரம். அதனாலென்ன? இரும்புச் சட்டம் அடித்து, இருக்கையையே ஒரு சாண் தூக்கி, இரண்டையும் நிமிர்ந்து நிற்க வைத்துவிட்டார்.

மறுநாள் காலை டீச்சர் ஏறி உட்கார்ந்தார். கால் அந்தரத்தில் ஆடியது.

“டேய், கிளாசுக்குப் போகச் சொன்னியா, யானை மேல ஊர்வலம் போகச் சொன்னியா?” சிரித்தவருக்கு உடனே கண் கலங்கிவிட்டது. “முட்டி மேசைக்கு அடியில நுழையாதுடா. நான் போகல, விடு.”

பேட்டரி அக்கா குனிந்து லேபிளைப் படித்தாள்.

“ஏங்க, இதை யாரு நிக்க வைக்கச் சொன்னது?”

“நீதானே! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து!”

“அது தண்ணி ஊத்துற பேட்டரிக்குங்க! இது சீல் வெச்சது. உள்ள ஜெல்லி மாதிரி கெட்டியா இருக்கு, பக்கவாட்டுல படுத்தாலும் ஒழுகாது. தலைகீழா மட்டும் வைக்கக் கூடாதுன்னு எழுதியே இருக்கு, பாருங்க!”

கணவர் தானும் குனிந்து லேபிளைப் படித்தார். அப்புறம் அவரேதான் முதலில் சிரித்தார்.

சட்டம் கழன்றது. பேட்டரிகள் பக்கவாட்டில் படுத்தன. முனைகள் இரும்பில் படாமல் உறை மாட்டி, அசையாதபடி பட்டையால் இறுக்கினாள். இருக்கை இறங்கியது. பாதம் கால்பலகையைத் தொட்டது, முட்டி சாப்பாட்டு மேசைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. டீச்சர் மேசையை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

“அண்ணி, மணி ஒம்போதேகால்! கிளம்புங்க!”

“பசங்க இன்னைக்குத் தொலைஞ்சாங்க!” நாற்காலி வாசலைத் தாண்டிப் பறந்தது. பேட்டரி அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தெருமுனை வரை கையாட்டினாள்.

திரும்பி வந்து நெயில் பாலிஷை வழக்கமான மூலையில் நிறுத்தப் போனாள். கை நின்றது. மூடியை இன்னொரு திருகு திருகி இறுக்கிவிட்டு, ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் அதைப் படுக்கப் போட்டாள்.