சைக்கிள் ஏறாத வேகத்தடை

ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் இருபத்தெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். தூத்துக்குடியைச் சுற்றி எத்தனையோ வேகத்தடைகள் போட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மூன்று முறை போட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

மெயின் ரோட்டில் நெரிசல் என்றால், துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் உப்பளத்தை ஒட்டிய ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் புகுந்துவிடும். அந்தத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் லாரி ஒன்று, நடந்து போன சிறுமியின் புத்தகப் பையை உரசி அவளைக் கீழே தள்ளிவிட்டது. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. தெருக்காரர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் முதலாளி போன் செய்தார்.

“ஏலே சேர்மத்துரை, ஸ்கூல் விடுததுக்குள்ள அங்கன ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டாகணும். இல்லன்னா சனங்க எந்திரிக்க மாட்டேங்காவ.”

பக்கத்துத் தெருவில் பேட்ச் வொர்க்குக்குக் கொண்டுவந்த தார்க் கலவை இருந்தது. அதைக் கொட்டி, நல்ல உயரமாகக் கட்டி, திமுசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். ரோலர் வரவழைக்க நேரமில்லை. வெள்ளை பெயின்ட் அடுத்த வாரம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முதல் லாரி பிரேக் போட்டு ஊர்ந்து போனதைப் பார்த்ததும், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு வீட்டில் எங்களுக்கு சர்பத் கலக்கிக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் சொன்னார். “அண்ணாச்சி, நீங்க போட்ட மேட்டுல உப்பளத்துக்குப் போற பொம்பள ஒண்ணு சைக்கிளோட விழுந்துட்டு. மணிக்கட்டு முறிஞ்சிட்டாம்.”

அவர் பெயர் ஜெபமாலை. உப்பு வாரும் வேலை. வெயில் ஏறும் முன் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்புகிறவர். நான் வீட்டுக்குப் போனபோது மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மகளிடம் எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“லாரிக்காரன் மெல்லப் போறான். நல்லதுதான், புள்ளைங்க நடக்குற தெரு. ஆனா எங்கள மாதிரி ஆளுக்கு அது சொவரு மாதிரில்லா நிக்கி? இருட்டுல கண்ணுக்கும் தெரியல. நீங்க அதுல சைக்கிள் ஓட்டிப் பாத்தியளா?”

“இல்லம்மா.”

“வெளிய எஞ் சைக்கிள் நிக்கி. எடுத்துட்டுப் போங்க. பின்னால தண்ணி கேனும் சோத்து வாளியும் கட்டியிருக்கு. அவுக்காதிய.”

சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் பின்பாரம் இழுத்து ஹேண்டில் திரும்பிவிட்டது. காலை ஊன்றித் தப்பித்தேன். நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே வேகத்தடையின் இரு ஓரத்தையும் வெட்டி, சைக்கிள் போக இடம் விட்டேன். வெள்ளை பெயின்ட்டும் அடித்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாலு நாளில் ஜெபமாலை சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால், மோட்டார் பைக்குக்காரர்கள் எல்லாரும் அந்த ஓர இடைவெளிக்குள் வேகம் குறைக்காமல் புகுந்து போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் நடப்பதும் அதே ஓரம்தான்.

முதலாளி எரிந்து விழுந்தார். “மூணாவது தடவையா? ஒனக்கு வேற சோலி இல்லியாலே?”

“ஒரு தடவ வந்து பாருங்க மொதலாளி. அப்புறம் நீங்க சொல்லுத மாதிரி செய்யுதேன்.”

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்தார். ஓரமாக நின்றவரின் வேட்டியை உரசிக்கொண்டு ஒரு பைக் போயிற்று. அவர் பின்னால் துள்ளி, சாக்கடை விளிம்பில் தடுமாறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஒடைச்சிருலே,” என்றார்.

இந்த முறை மாநகராட்சி இன்ஜினியரிடம் வரைந்து காட்டி ஒப்புதல் வாங்கினேன். பள்ளி வாசலுக்கு நேரே, தெருவின் முழு அகலத்துக்கும் மேடை போல் தட்டையாக ஒன்று. பிள்ளைகள் அதன் மேலேயே நடந்து கடக்கலாம். இரண்டு பக்கமும் நீளச் சரிவு. எவ்வளவு நீளம் என்பதை, பாரம் கட்டிய சைக்கிளை உருட்டிப் பார்த்து முடிவு செய்தோம். சுண்ணாம்புக் கோடு போடும்போது ஜெபமாலை கட்டுக் கையோடு நின்று, “இன்னும் சாய்ச்சி விடுங்க அண்ணாச்சி,” என்று இரண்டு முறை கோட்டைத் தள்ளவைத்தார். ரோலர் விட்டோம். பெயின்ட் காய்ந்த பிறகுதான் தெருவைத் திறந்தோம்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று விடியுமுன் நானும் போய் நின்றேன். கூட வந்த பெண்ணிடம் மகள் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். சைக்கிள் ஏறியது, இறங்கியது. பேச்சு நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் என்னைக் கவனித்தார்.

“என்ன அண்ணாச்சி, இந்நேரம் இங்கன நிக்கிய?”

“சும்மாதாம்மா.”

அதற்குப் பிறகு எந்தத் தெருவில் வேலை முடிந்தாலும், ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பாரம் கட்டி ஓட்டிப் பார்த்த பிறகே முதலாளிக்குப் போன் செய்வேன். லாரியை நிறுத்துவது எளிது. அதே ரோட்டில் போகிற மற்றவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். நான் அதைக் கேட்காததற்கு இன்னொருவர் கை முறிந்தது.