மீனாவின் வலைப்பூவுக்கு ஓர் இணைப்பு

போன ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் நம்மவர்கள் நடத்திய ஒரு வினாடி வினாவுக்குப் போயிருந்தேன். பழைய பாட்டு ஒன்றின் நாலு வரியைப் போட்டுவிட்டு, "இதைப் பாடியவர் பிறந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பஸ்ஸரை அமுக்கி, "கும்பகோணம்!" என்றாள். சரியான விடை என்றார்கள். ஒரே கைதட்டல். தட்டாமல் நெளிந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் அது தப்பு. அதைவிட மோசம், அந்தத் தப்பை ஆணியடித்து மாட்டியவன் நான்.

பாடகியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே தேடுவீர்கள். தேடினால் கும்பகோணம்தான் வரும்.

மண்டபத்துக்கு வெளியே மிர்ச்சி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாசனை இருக்கிறதே, என்னை நேராக மல்லாபூருக்கு இழுத்துப் போய்விட்டது. என் முதல் வேலை அங்கே, பம்பு செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில். சோதனை அறிக்கைகளை டைப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் உண்மையான வேலை வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்: இணையக் கலைக்களஞ்சியத்தைச் சுத்தம் செய்வது. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, திமிர் மட்டும் நிறைய உண்டு. சினிமாக்காரர்களின் பக்கங்களில் ரசிகர்கள் கொண்டுவந்து கொட்டும் வலைப்பூ இணைப்புகளைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். பாதி விளம்பரம், மீதி வதந்தி. ஒன்றை நீக்கினால் மூன்று முளைக்கும். வெறுத்துப்போய் ஒருநாள் உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: "அன்பு ஆதாரமாகாது. அச்சில் வந்ததைக் காட்டுங்கள்." நாலைந்து பேர் பாராட்டினார்கள். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் படவில்லை.

அதே ஆபீஸில் டெஸ்பாட்ச் பிரிவில் மீனா இருந்தாள். மௌலா அலி ரயில்வே காலனிப் பெண். என்னைவிட ஒரு வயது பெரியவள்; 'டா' போட அது போதும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழ் எழுதக் கற்றுக்கொண்டதே அந்தப் பாடகிக்காகத்தான், ஏழெட்டுப் பாட்டோடு காணாமல் போனவருக்காக. சாப்பாட்டு நேரத்தில் பஜ்ஜிக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனிலேயே வலைப்பூ எழுதுவாள்.

கலைக்களஞ்சியத்தில் அந்தப் பாடகியின் பக்கத்தில் ஒரே ஒரு வெளி இணைப்புதான் இருந்தது. மீனாவின் வலைப்பூ. பார்த்தேன், தூக்கிவிட்டேன். தெரிந்தவள் என்று விட்டுவைத்தால் பாரபட்சம் ஆகாதா? என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது. அதன் இடத்தில் ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையை மேற்கோளாகச் சேர்த்தேன். பிறப்பு: கும்பகோணம்.

மறுநாள் மீனா பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றாள்.

"என் லிங்க்கைக் கைக்கு எடுத்தே?" அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்'; அவள் தமிழில் அதுவும் கலந்தே வரும்.

"ரூல் அது. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ரூலா? அந்தப் பத்திரிகைக்காரனே என் வலைப்பூவைப் பாத்துத்தான்டா எழுதினான்! கும்பகோணம்னு முதல்ல தப்பா எழுதினதே நான்தான். அப்புறம் நான் திருத்திட்டேன், அவன் திருத்தல."

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பாடகியின் அக்கா மகள் வலைப்பூவைப் படித்துவிட்டுப் பின்னூட்டத்தில் திருத்தம் சொல்லி, மீனாவின் போனுக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா. அந்தக் குழந்தைதான் பாடகி. பிறந்ததும் அந்த வீட்டில்தான். பின்னால் மௌலா அலி குன்று. மீனா வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவள் அதே வாசலில் போய் நின்று, குன்றை அதே மூலையில் வைத்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் வலைப்பூவில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தாள்.

"எங்க காலனிப் பொண்ணுடா," என்றாள். "இந்த ஊர்ல நம்ம வாயத் திறந்தா எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேக்கறாங்கல்ல? இங்கேர்ந்துதான்னு சொல்ல எனக்கு இது ஒண்ணு கெடச்சிருக்கு. லிங்க்கூட நக்கோ, வேணாம். ஊரை மட்டும் மாத்து."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் உட்கார முடியவில்லை.

"படத்துல குன்றுதான் தெரியுது மீனா, பிறந்தது தெரியலையே. அச்சுல எங்கயாவது வந்திருக்கா?"

அவள் சண்டை போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் பஜ்ஜி என் மேஜைப் பக்கம் வரவே இல்லை.

எல்லா ரசிகர் வலைப்பூவுக்கும் இணைப்புக் கொடுங்கள் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். குப்பை குப்பைதான். ஆனால் குப்பையா இல்லையா என்று பார்க்க அதைத் திறக்க வேண்டும், ஐந்து நிமிடம் படிக்க வேண்டும். நான் முகவரியைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னவன்.

ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துப் படியில் பஜ்ஜியும் கையுமாக நின்றபடியே அந்த வலைப்பூவைத் தேடினேன். இல்லை. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனி கடையை மூடிவிட்டதாம். பல வருஷத்துக்குப் பிறகு மீனாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "அந்தப் படம் வச்சிருக்கியா?"

"கைக்கு? லிங்க் குடுக்கவா?"

நான் பதில் அடிப்பதற்குள் அவளே மறுபடி அனுப்பினாள்: "அந்த போன் தொலஞ்சு போச்சுடா. அதோட அந்த அக்கா மக நம்பர், படம் எல்லாம் போச்சு. அந்தக் குவார்ட்டர்ஸயும் இடிச்சிட்டாங்க. எங்க வீட்டையும் சேத்துத்தான்."

அங்கேயே கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். கும்பகோணத்தை அழித்தேன். 'மௌலா அலி, செகந்திராபாத்' என்று எழுதினேன். மேற்கோள் கேட்ட இடத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன். கையிலிருந்த பஜ்ஜி ஆறுவதற்குள் யாரோ கும்பகோணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார், காரணத்தோடு:

"அன்பு ஆதாரமாகாது. அச்சில் வந்ததைக் காட்டுங்கள்."

யாரோ புதியவர். என்னை மாதிரியே வேகமானவர். அது யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வலைப்பூ போய்விட்டது, படம் போய்விட்டது, அந்த வாசலும் போய்விட்டது. நான் எழுதியது மட்டும் ஓர் எழுத்துக் கெடாமல் அப்படியே இருக்கிறது.