இரண்டு இலவசக் காவலாளிகள்

சாப்பிடும்போது இடது கையைப் போன் மேல் வைத்துக்கொள்வது அவளுக்குப் பல வருடப் பழக்கம். ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை; எந்தக் கணினி சர்வர் படுத்தாலும் டாக்டர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சர்வர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வைக்கச் சொன்னது நிர்வாகம். அது சொந்த இயந்திரத்தில் ஓட வேண்டும், காசும் கேட்கக் கூடாது. தேடியதில் இரண்டு தேறின. ஒன்று வண்ண வண்ண வரைபடங்களோடு அழகாக இருந்தது. ஆனால் நாலைந்து துண்டுகளை அவளே கோத்துக் கட்ட வேண்டும். இன்னொன்றுக்கு முகலட்சணமே இல்லை. சர்வர் நின்றால் போனில் கத்தும், அவ்வளவுதான்.

ஆசைப்பட்டு அழகானதைக் கட்டி முடித்தாள். கூட வேலை பார்க்கும் மீசைக்காரர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“கண்ணைப் பறிக்குதும்மா. நீ லீவு போட்டா இதை யாரு மேய்க்கிறது?”

“உங்களுக்குச் சொல்லித் தரேண்ணே.”

“கிழிச்ச. போன வருஷமும் இதைத்தான் சொன்ன.”

அவளுக்குச் சுருக்கென்றது. இதை வைத்தால் ஆயுசுக்கும் அவள் ஒருத்திதான் ஓட வேண்டும். ஓடி ஓடி அலுத்துவிட்டது. அன்றே அதை அழித்துவிட்டு, லட்சணமில்லாததை ஏற்றினாள். ஒரு வாரம் அவள் போன், மறுவாரம் அவர் போன் என்று முறை வைத்தாள்.

அவர் முறை வந்த வாரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். பின்னால் அவள் அப்பா படுக்கையில் கிடந்தபோது, அவள் முறைக்கும் சேர்த்து அழைப்புகளை எல்லாம் எடுத்தவர் அவர்தான். பதிலுக்கு, அவர் மகள் கல்யாணத்தின்போது ஒரு வாரம் முழுக்கத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். கல்யாணம் முடிந்து அவருக்குப் பேத்தியும் பிறந்துவிட்டாள். அவள் தருவதாகச் சொன்ன அந்த ஒரு வாரம் இன்னும் பாக்கி.