கரி பஸ்ஸின் முன் சீட்டு

யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களின் முதுகில் கரி அடுப்பு ஏறிய வருஷங்கள் அவை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, விசிறிச் சக்கரத்தைக் கை வலிக்கச் சுற்றினால் வருகிற புகையில் எஞ்சின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சமதரையில் நடக்கும், மேட்டில் முனகும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

கம்பத்தில் என் சிநேகிதன் ஒருவனிடம் அப்படியொரு பஸ் இருந்தது. அவனே முதலாளி, அவனே டிரைவர். அவனுக்கு இரண்டு செல்லங்கள். ஒன்று, கருத்த மூஞ்சியும் செம்பட்டை உடம்புமாக ஒரு கோம்பை ஜாதி வேட்டை நாய். என்னை முதல் முறை பார்த்த நாளிலிருந்தே அதற்கு என்மேல் சந்தேகம். இன்னொன்று சண்டைச் சேவல். பெயர்தான் அப்படி, பிறந்ததிலிருந்து ஒரு சண்டையும் போட்டதில்லை. பஸ்ஸின் முன் சீட்டில், அவனுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் பார்ப்பதுதான் அதன் உத்தியோகம். நாங்கள் நாக்குத் தள்ளத் தள்ளும்போதும் அது இறங்காது.

ஒரு பங்குனியில் அவன் மனைவி கோபித்துக்கொண்டு மயிலாடும்பாறையில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு மாட்டு வண்டி ஏறிவிட்டாள். "அந்தச் சேவல் வேணுமா, நான் வேணுமான்னு யோசிச்சு வையிங்க" என்றாளாம். இவன் "அது என்ன செஞ்சுச்சு, பாவம்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். மூன்று வாரம் கழித்து மாமனாரிடமிருந்து ஆள் வந்தது. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் சீரோடு வந்து முறையாகக் கூப்பிட்டால் ஆயிற்று, இல்லாவிட்டால் பெண் எங்கள் வீட்டோடேயே இருக்கட்டும்.

புதன்கிழமை விடியும்போது என் வாசலில் ஹார்ன் அலறியது. "மாப்ள, ஏறுடா. அவ இல்லாம வீடு வீடாவே இல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதி சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில், மெத்தை, தலையணை, கூஜாவில் தண்ணீர், முகம் பார்க்கும் கண்ணாடி. அவள் குலுங்காமல் படுத்துக்கொண்டு வரவேண்டுமாம். ஓரத்தில் சீர்: பட்டுச்சேலை, வாழைத்தார், வெற்றிலை, பதினோரு தேங்காய். கட்டிலுக்கு இடம் வேண்டுமென்று ஒரு மூட்டைக் கரியை வீட்டிலேயே இறக்கிவைத்த விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை.

நாயையும் சேவலையும் வழியில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, கை வீசிக்கொண்டு போய் அவள் முன்னால் நிற்பதுதான் திட்டம்.

உத்தமபாளையத்தில் எங்கள் மூன்றாவது கூட்டாளி ஏறிக்கொண்டான். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, எங்களுக்கு அவன் பெயரே ராவுத்தர்தான்; புகையிலை வியாபாரம். தூக்குச்சட்டி நிறைய கறிக்குழம்போடு வந்தான். புகையிலை மூட்டை அடுக்கும் அவன் கிட்டங்கித் தூணில் நாயைக் கட்டிவிட்டுப் புறப்பட்டோம். இரண்டு மைல் போயிருப்போம். ரோட்டின் நடுவே நாய் உட்கார்ந்திருந்தது, கழுத்தில் அறுந்த கயிறு. எங்களை எப்போது தாண்டியது என்று யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வேகம் அப்படி.

"மச்சான், இத முன்னாடி பூட்டுனா வெரசாப் போயிரலாம்" என்றான் ராவுத்தர்.

சின்னமனூரில் ஒரு தெரிந்தவர் சேவலை வாங்கிக்கொள்வதாக இருந்தார். சிநேகிதன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். வெகுநேரம் கழித்து, அக்குளில் அதை இடுக்கிக்கொண்டே வெளியே வந்தான். "அந்தாளு புடிக்கிற புடி சரியில்லடா" என்றான். சேவல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

தேனி தாண்டி, கண்டமனூரும் தாண்டியபோது கரி தீர்ந்துவிட்டது. சூரியன் மலைப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. இவன் அப்போதுதான் வீட்டில் இறக்கிவைத்த மூட்டையைப் பற்றி வாய் திறந்தான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ராவுத்தர் திட்டவில்லை. சீர்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சிரட்டை நல்லா எரியும்ல?" என்றான்.

பதினோரு தேங்காயையும் ரோட்டுக் கல்லில் உடைத்தோம். பருப்பைத் தின்றோம், நாய்க்கும் கொடுத்தோம், சிரட்டையைப் பீப்பாயில் போட்டுச் சுற்றினோம். பஸ் இருமியது, தும்மியது, கறுப்பாகக் கக்கியது, ஆனால் நகர்ந்தது. கன்னம் வலிக்கச் சிரித்தோம். இவன்கூடச் சிரித்தான், மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

ஊர் தெரிந்ததும் நாய் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது மாமனார் வீட்டுக்குள் புகுந்துவிட்டிருந்தது. பொழுது இன்னும் முழுசாகச் சாயவில்லை. எங்கள் மூவரின் முகத்திலும் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை.

மாமனார் தட்டைப் பார்த்தார். "தேங்காயக் காணமே மாப்ள?" தேங்காய் இல்லாத சீர் எங்கள் பக்கத்தில் சீரே இல்லை.

"தேங்காயிலதான் மாமா வண்டியே வந்துச்சு" என்றான் ராவுத்தர்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அவள் வெளியே வந்தாள், பின்னாலேயே நாயும். சிரிப்பைச் சட்டென்று விழுங்கிக்கொண்டு, "சேவல் எங்க?" என்றாள்.

"அத... குடுத்துட்டேன்" என்றான். பஸ்ஸுக்குள் சேவல் கூவியது.

"அத யாரு குடுக்கச் சொன்னா? தெனமும் அதுக்குக் கம்பு போட்டது நானு" என்றாள். "கல்யாணமாகி மூணு வருசமாச்சு. அந்தச் சேவல் தேனியப் பாத்துருச்சு, பெரியகுளத்தப் பாத்துருச்சு. என்னைய ஒரு நாளாச்சும் அந்த முன் சீட்டுல உக்கார வச்சீகளா?"

"உனக்குன்னுதான் கட்டில் போட்டுக் கொண்டாந்திருக்கேன்..."

"நான் என்ன சீக்காளியா, கட்டில்ல போறதுக்கு?"

அவன் பஸ்ஸின் முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வருஷமாக அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கியவன் நான். எனக்கும் அது ஒரு நாளும் தோன்றவில்லை, வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமனார் இரண்டு மூட்டைக் கரியும், அவர் பங்குக்குப் பதினோரு தேங்காயும் ஏற்றிவிட்டார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். சேவல் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே வந்தது.

கண்டமனூருக்கு முன்னால் ஒரு மேடு. உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பஸ் மூச்சை விட்டுவிட்டது. ராவுத்தரும் நானும் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. சிநேகிதனும் இறங்க வேண்டியதாயிற்று. "இந்தா, இங்கன வந்து ஸ்டியரிங்கப் புடி. நேரா வச்சுக்க, போதும்" என்றான் அவளிடம். சேவலும் இறங்கி எங்களோடு நடந்தது, முதல் முறையாக.

மூவரும் தோள் கொடுத்து முக்கினோம். பஸ் உச்சியைத் தொட்டது. அந்தப் பக்கம் நீண்ட இறக்கம் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. பஸ் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. "ஏ ஆத்தா, விட்டுராத!" என்று கத்திக்கொண்டு இவன் ஓட, நாங்கள் ஓட, நாய் எல்லோரையும் முந்தி ஓட, முன்னாலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பயந்த சிரிப்பு இல்லை அது.

இறக்கம் முடிந்த சமதரையில் பஸ் தானாக நின்றது, ரோட்டைவிட்டு ஒரு சாண்கூட விலகாமல். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தவன் அவளைப் பார்த்தான். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சேவல் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தான்.